கியூபிக் என்ன விலை

ஜனவரி 17

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. வருடா வருடம் வரும் டைரியை என் பெண்டாட்டி வசந்தாமணி பால் கணக்குக்கு எடுத்துக்கொள்வாள். இந்த வருடம் நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பாதியில் நிற்கும் புது வீட்டுக்குக் கூரை காங்கிரீட் போட்டு முடிக்கும்வரை யார் என்ன ரேட் சொன்னார்கள் என்று இதில் எழுதப்போகிறேன். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிப் பேசும் ஆட்களோடு முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஈரோடு மஞ்சள் மண்டியில் எடை போடும் வேலை. தராசு முள்ளை நம்புவேன், மனிதன் வாயை நம்பமாட்டேன். வசந்தாமணி இதைக் கஞ்சத்தனம் என்பாள்.

ரேட்டைத் தவிர வேறு எதையும் இதில் எழுதுவதாக இல்லை.

ஜனவரி 19

மேஸ்திரி அர்த்தநாரி வந்தார். கூரை தொள்ளாயிரத்து ஐம்பது சதுரடி, ஐந்து அங்குல கனம், உத்திரங்கள் தனி. கலவை மெஷின், லிஃப்ட், இருபத்தாறு ஆள், சிமெண்ட், எம்சாண்ட், ஜல்லி எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டாயிரம் சொல்கிறார். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடுமாம். இருபத்தாறு பேருக்கும் சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு.

மருமகள் மேகலா, ரெடிமிக்ஸ் போட்டால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றாள். ஈரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறாள், ஆகவே சிமெண்ட், கம்பி விஷயத்தில் அவள் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு உண்டு. பிளாண்டிலேயே எல்லாம் கலந்து லாரியில் வருமாம். குழாயைப் போட்டு பம்ப் வைத்து மேலே தள்ளிவிடுவார்களாம். கியூபிக் கணக்கில் விலையாம். ஒரு கியூபிக் என்பது முப்பத்தைந்து கனஅடி. நம் கூரைக்குப் பதிமூன்றரை கியூபிக் வரும் என்று அதற்குள் கணக்கும் போட்டு வைத்திருக்கிறாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வழியெல்லாம் சுற்றிக்கொண்டே வரும் ஒரு பானைக்குள் ஆறு கியூபிக் இருக்கிறதா ஐந்தரை இருக்கிறதா என்று எந்தக் கண் பார்த்தது? சரக்கு என்றால் எடை தெரிய வேண்டும். ஆள் வைத்தே போடலாம் என்று முடித்துவிட்டேன். மேகலா எதிர்த்துப் பேசவில்லை. என் மகன் பூபதிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஜனவரி 20

சுவர்களுக்குள் முளைத்திருந்த ஆமணக்குச் செடிகளைப் பிடுங்க இரண்டு ஆள். கூலி ஆயிரத்து இருநூறு. ஒன்று என் உயரம் இருந்தது.

ஜனவரி 24

அர்த்தநாரி இன்று சுவர்களைத் தட்டிப் பார்த்தார். இரண்டு வருடம் மழையிலும் வெயிலிலும் மொட்டையாக நின்றும் ஒன்றும் ஆகவில்லை என்றார். ‘ஏனுங்க இப்படிப் போட்டு வெச்சீங்க’ என்று கேட்டார். பணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய்.

அவரிடம் சொன்ன பொய்யை இங்கேயும் எழுதினால் இந்த நோட்டுக்கு மரியாதை இல்லை. வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கும்போது வீட்டு வேலை தொடங்கக்கூடாது, தொடர்வதும் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டரை வருடத்துக்கு முன் நாங்கள் கடைக்கால் எடுத்தபோது மேகலாவுக்கு நாள் தள்ளியிருந்தது யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. தெரிய வந்தபோது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆரம்பித்ததை நிறுத்துவானேன் என்று ஓட்டினோம். ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த அன்று என் அக்கா நல்லம்மாள் கூடத்தில் உட்கார்ந்து, வீடு காவு வாங்கிவிட்டது என்றாள். அக்கா சொன்னதோடு போயிருக்கும். நானும் சேர்ந்துகொண்டேன். ‘ஆமா, வீடு கேட்டு வாங்கிருச்சு, இனி அதுல ஒரு செங்கல் வெக்கமாட்டேன்’ என்றேன். உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. மேகலா அந்தப் பக்கம் படுத்திருந்தாள். இளம் காது, அத்தனையும் கேட்டிருக்கும்.

போதும். நாளை கம்பி ரேட் விசாரிக்க வேண்டும்.

ஜனவரி 28

கம்பி கிலோ அறுபத்தெட்டு. நேற்றைவிட ஒரு ரூபாய் கூட.

மேகலா மூன்று நாளாகக் காபி குடிப்பதில்லை. காபி இல்லாமல் காலையில் கண் திறக்காத பெண். கேட்டதற்குப் பித்தம் என்றாள். வசந்தாமணியும் பித்தம் என்றாள், நான் அவளைக் கேட்கவே இல்லை. பூபதி இன்று தானாகவே கிணற்றடியிலிருந்து நான்கு குடம் தண்ணீர் தூக்கி வந்தான். பிறந்து முப்பத்திரண்டு வருடத்தில் நான் பார்த்திராத காட்சி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 30

மாங்காய் கிலோ நூற்று எண்பது. சீசன் இல்லை. யாரும் கேட்கவில்லை, கண்ணில் பட்டது, வாங்கினேன்.

ஜனவரி 31

மாங்காய் காலையிலேயே தீர்ந்துவிட்டது. வசந்தாமணி, தானே தின்றதாகச் சொன்னாள். புளிப்பு என்றாலே பல் கூசுகிறது என்று புலம்புகிறவள். தின்றிருப்பாள், தின்றிருப்பாள்.

பிப்ரவரி 2

யாரிடமும் சொல்லாமல் ரெடிமிக்ஸ் பிளாண்டுக்குப் போனேன். வீட்டில் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லியிருந்தேன்.

மேனேஜர் சகாயராஜ் நல்ல மனிதர். நாற்பது வயது இருக்கும், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வாய்க்கு வாய் ‘சார்’ போட்டாலும் ரேட்டில் ஒரு பைசா இறங்கவில்லை. வீட்டுக் கூரைக்குப் போடுகிற தரம், வரியெல்லாம் சேர்த்துக் கியூபிக் ஐயாயிரத்து நானூற்று ஐம்பது. பம்புக்குப் பத்தாயிரம் தனி. அதற்குக் குறைத்து யார் கொடுத்தாலும் சிமெண்டில் கை வைக்கிறார்கள் என்று அர்த்தம் என்றார். பிளாண்டில் ஒவ்வொன்றும் தானாக எடை போட்டு விழுவதைக் கண்ணாடி அறையிலிருந்து காட்டினார். ஜல்லி இத்தனை, மணல் இத்தனை, சிமெண்ட் இத்தனை என்று திரையில் ஓடுகிறது. முள்ளே இல்லாத தராசு. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாதது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. விடாமல், லாரி எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் எடைமேடை ஏறித்தான் வர வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

கூட்டிப் பார்த்தால் எண்பத்து மூவாயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்து. அர்த்தநாரி ரேட்டைவிட இருபத்தோராயிரம் கூட. வரும் வழியில் வயிறு எரிந்தது. ஆனால் ஆள் வைத்துப் போட்டால் அன்று முழுக்க அடுப்பில் நிற்பது, தண்ணீர் தூக்குவது, வருகிறவர் போகிறவரைக் கவனிப்பது என்று யாராவது ஒரு பெண்தான் சாக வேண்டும். வசந்தாமணிக்கு மூட்டு வலி. மூட்டு வலிக்காகத்தான் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 3

சாப்பிட்டு முடித்ததும் மேகலா மெதுவாகப் பேச்சை எடுத்தாள். கடை முதலாளிக்குத் தெரிந்த பிளாண்டாம், சகாயராஜ் என்று மேனேஜராம். கடைக்காகத் தள்ளித் தருகிறாராம். வரியெல்லாம் சேர்த்துக் கியூபிக் நாலாயிரத்துத் தொள்ளாயிரமாம்.

நான் எச்சில் கையோடு உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண், கண் இமை படபடவென்று அடித்துக்கொள்கிறது. பதிமூன்றரைக்கு ஐந்நூற்று ஐம்பது வீதம் ஏழாயிரத்து நானூற்று இருபத்தைந்து அவள் தன் கைக்காசிலிருந்து போடப்போகிறாள். கஞ்ச மாமனார் ஐயாயிரத்தைத் தாண்டினால் ஒத்துக்கொள்ளமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சரிதான், போன மாதமாக இருந்தால்.

‘நல்ல ரேட்டாத்தான் இருக்குது அம்மிணி. முடிச்சுரு’ என்றேன்.

பூபதி விக்கிக்கொண்டான். வசந்தாமணி எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

பிப்ரவரி 9

ஜோசியர் இரண்டு நாள் குறித்தார். மார்ச் 6, மாசி மாதம், மேல்நோக்கு நாள், காலை ஒன்பதிலிருந்து பத்தரை. அதை விட்டால் பங்குனி ஆகாது, சித்திரையில் நடுவாக்கில் ஒன்று. ‘வீட்ல விசேசம் ஏதும் இல்லீங்களே’ என்று வழக்கம்போலக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்து இல்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தேதியையும் சொன்னேன். மூன்று பேரும் ஒரே வாயாக மாசி என்றார்கள். சித்திரைக்குள் சிமெண்ட் விலை ஏறிவிடும் என்றான் பூபதி. ஜல்லி ஏறிவிடும் என்றாள் மேகலா. வசந்தாமணிக்கு விலை எதுவும் தெரியாது, ‘எல்லாந்தான் ஏறும்’ என்றாள். சித்திரையில் புடவைத் தலைப்பை எப்படி இழுத்து விட்டாலும் மறைக்க முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14

இந்த வீட்டில் எதையும் தெரியாதவனாக இருப்பது எடைமேடையில் நிற்பதைவிடக் கால் வலிக்கிற வேலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பலமாக இருமிக்கொண்டு நுழைகிறேன். அதற்குள் மாத்திரை அட்டை, பச்சை ஃபைல், தட்டில் நறுக்கிய நெல்லிக்காய் எல்லாம் எங்கோ ஓடி ஒளிகின்றன. நேற்று இருமலுக்கு என்று வசந்தாமணி கஷாயம் வைத்துவிட்டாள். குடித்தேன்.

பிப்ரவரி 20

காங்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிக்கும் சென்டரிங் வேலை ஆரம்பம். முட்டுக்கு நூற்றுப்பத்துக் கம்பம். வாடகை நாள் கணக்கு.

பிப்ரவரி 24

மேகலா தோழி கல்யாணம் என்று கோவை போய் மூன்று நாள் தங்கி வந்தாள். கூடப் பூபதி போனான். வசந்தாமணியும் போனாள். தோழி கல்யாணத்துக்கு மாமியார் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்று நாளும் ரசம் நானே வைத்தேன். கல்யாண வீட்டிலிருந்து வந்தவர்கள் கையில் ஒரு தாம்பூலப் பைகூட இல்லை. மேகலா காரிலிருந்து இறங்கி அடிமேல் அடி வைத்து வந்து படுத்துவிட்டாள். கால் சுளுக்காம். பத்து நாள் கடைக்கு லீவு போட்டிருக்கிறாள். சுளுக்குக்குக் கடைக்காரர் தாராளமாகத்தான் லீவு கொடுக்கிறார்.

பிப்ரவரி 25

நேற்று முழுவதும் ஒன்று மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் டாக்டர் அம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது, அதனால்தான் குழந்தை தங்கவில்லை, அடுத்த தடவை மூன்று மாதம் முடிகிற நேரத்தில் ஒரு தையல் போட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். அந்த அறையில் நானும் இருந்தேன். கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலமே கூடத்தில் உட்கார்ந்து வீடு கேட்டு வாங்கியது என்று பேசினேன்.

படித்த டாக்டர் காரணத்தைக் கையில் கொடுத்த பிறகும், பழியைச் செங்கல் மேல் போடத்தான் எனக்கு வாய் வந்தது. செங்கலுக்குக் காது கிடையாது. கேட்டவள் அவள். வயிறு சுமந்தவள் மேல்தான் அந்தப் பேச்சு போய் விழுந்தது.

கோவைக் கல்யாணம் எது என்று இப்போது தெரிகிறது. தெரியவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். தெரிந்தால் நான் இந்த வீட்டுத் தலைவன், வழக்கப்படி வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இரண்டு வருடத்துக்கு முன் நான் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவள் அதைச் சுமந்துகொண்டே பெற்றெடுக்க வேண்டும்.

பயமாகவும் இருக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பக்கம் அடித்துக்கொள்கிறது. அறுபத்தோரு வருடம் நம்பியதை ஒரு டாக்டர் பேச்சில் உதறிவிட என்னால் முடியவில்லை. இருந்தாலும் நிறுத்தமாட்டேன்.

பிப்ரவரி 28

பிளாண்டுக்குப் போய் ஒரு சின்ன வேலையை முடித்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் சொல்லி வந்தேன்.

மார்ச் 2

கம்பி கட்டி முடிந்தது. இன்ஜினியர் வந்து சரிபார்த்தார். அக்காவைக் கூப்பிட அவள் வீட்டுக்குப் போனேன். கூரை போடும் பூஜைக்குக் கூடப் பிறந்தவளைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. தட்டு வைத்துக் கூப்பிட்டேன். ‘வராம இருப்பனாடா’ என்றாள். அதுதான் கவலை.

மார்ச் 5

மேகலா நாளைக்கு வர வேண்டாம், கால் சுளுக்கு என்று வசந்தாமணி சொல்லிப் பார்த்தாள். மேகலா வருவேன் என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் வசந்தாமணி சுளுக்குப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வைக்கும்படி பூபதியிடம் சொன்னேன், என் முதுகு வலிக்கு.

மார்ச் 6

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எட்டரை மணிக்கு பம்ப் வந்துவிட்டது. சந்து குறுகல் என்பதால் மெயின் ரோட்டு ஓரமாக நிறுத்தி, அங்கிருந்து கூரைவரை குழாய் போட்டார்கள். ஒன்பதுக்கு முதல் லாரி, ஏழு கியூபிக். சகாயராஜ் பைக்கில் கூடவே வந்தார். ‘சார், எடைமேடைக்குப் போய்ட்டு வரச் சொல்லட்டுமா’ என்று கேட்டார். வேண்டாம், நேரமாகிவிடும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு மேகலா உட்கார்ந்திருந்தாள். அத்தனை பேரும் நிற்க அவள் மட்டும் உட்கார்ந்திருந்தது முதல் தப்பு. வசந்தாமணி கொஞ்ச நேரத்துக்கொரு தரம் அவளுக்கு மோர் கொண்டுபோனது இரண்டாவது தப்பு. அக்கா ஒன்பது பெற்று ஏழு பேரை வளர்த்தவள். ஆட்டோவிலிருந்து இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

‘ஏன்டா நாச்சிமுத்து, இவ முழுகாம இருக்கறாளா?’

அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அது எல்லாருக்கும் கேட்டது. குழாயைப் பூட்டிக்கொண்டிருந்த ஆட்கள்கூடத் திரும்பினார்கள். வசந்தாமணி சொம்போடு அப்படியே நின்றாள். பூபதி மேலேயிருந்து ஏணியில் பாதி இறங்கி நின்றுவிட்டான். மேகலா எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னாள் அக்கா. ஒரு தடவை பட்டது போதாதா என்றாள். சகாயராஜ் பதறிப்போய், கலந்த சரக்கைத் திருப்ப முடியாது, மூன்று மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், திருப்பினாலும் காசு உங்கள் பொறுப்பு என்றார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். காசு என்று கேட்டதும் நான் ‘போடு’ என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். என் பெயர் அப்படி. அதனால் முதலில் காசுப் பேச்சைத்தான் தீர்த்தேன்.

‘காசுக்காகப் போடச் சொல்லலீங்க. காசு போனாப் போகுது. அக்கா, இவ முழுகாம இருக்கறது எனக்கு ஒரு மாசமாத் தெரியும்.’

மேகலாவின் கை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டது.

‘தெரிஞ்சுமாடா செய்யற?’ என்றாள் அக்கா.

‘தெரிஞ்சுதான் செய்யறேன். அன்னைக்கு இந்த வீடு எதையும் எடுக்கலக்கா. டாக்டரம்மா காரணம் சொன்னாங்க, நான் காதுல வாங்கல. படுத்துக் கெடந்த புள்ளைக்குக் கேக்கற மாதிரி பேசக்கூடாததப் பேசினவன் நாந்தான். ரெண்டு வருசம் இந்தச் சுவரு மொட்டையா நின்னதுக்கும் நாந்தான் காரணம். என்ற வாயில வந்த பேச்ச, இத்தன பேரு முன்னால நானே திருப்பி எடுத்துக்கறேன்.’

அப்புறம் மேகலா பக்கம் திரும்பினேன். ‘தப்பு என்ற மேலதான் கண்ணு. மன்னிச்சுரு’ என்று சொன்னேன். மருமகளிடம் அப்படிச் சொன்ன ஆளை எங்கள் வகையறாவில் நான் பார்த்ததில்லை.

அவள் அழவில்லை. தலைப்பால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, ‘நேரமாவுதுங்க மாமா. லாரி நிக்குது’ என்றாள்.

ஏணி ஏற அவளால் முடியாது. ஆகவே ஈசானிய மூலையில் பால் ஊற்றிப் பூப்போடும் வேலையை மேலே பூபதி பார்த்துக்கொண்டான். கீழே பம்ப் மெஷினுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுக் கற்பூரம் காட்டினேன். ஆபரேட்டரிடம் எந்தப் பட்டன் என்று கேட்டேன். பச்சையைக் காட்டினார். மேகலாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, ‘நீ அமுக்கு’ என்றேன்.

‘நானுங்களா?’

‘நீதான். யாரு வேண்டாம்னாலும் நீதான்.’

அமுக்கினாள். மெஷின் ஒரு உதறு உதறி ஓட ஆரம்பித்தது. குழாய் தடதடவென்று அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ‘வந்துருச்சு’ என்று அர்த்தநாரி குரல் கொடுத்தார். அப்போதுதான் வசந்தாமணி அழுதாள், சொம்பில் இருந்த மோரைக் கீழே ஊற்றிக்கொண்டு.

பதினொன்றே காலுக்கு இரண்டாவது லாரியும் காலி. பதிமூன்றரை கியூபிக் நூல் பிடித்தாற்போலச் சரியாக இருந்தது, ஒரு சட்டி மிச்சம். அதையும் வீணாக்காமல் வாசல்படிக்குப் போட்டுவிட்டோம். அக்கா இலை போட்டும் சாப்பிடாமல் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். போகட்டும், வருவாள்.

சாயங்காலம் சகாயராஜ் பில்லோடு வந்து தலையைச் சொறிந்தார். கணக்கு உதைக்கிறது என்றார். ஏழாயிரத்து நானூற்று இருபத்தைந்து ரூபாய் இரண்டு தடவை கட்டியிருக்கிறதாம். ஒரு தடவை மேடம் போனில் அனுப்பியிருக்கிறார்கள், ஒரு தடவை யாரோ பெரியவர் கல்லாவில் ரொக்கமாகக் கட்டிவிட்டுப் பேர் சொல்லாமல் போயிருக்கிறார். மேகலா என்னைப் பார்த்தாள்.

‘ரேட்டும் உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா மாமா?’

‘ஐயாயிரத்து நானூத்தம்பது. ஒரு பைசா எறங்க மாட்டேங்கறாரு இந்த மனுசன்’ என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். சிரிப்பும் சேர்ந்துகொண்டது. சகாயராஜுக்கு ஒன்றும் விளங்காமல், வேண்டுமானால் பம்ப் வாடகையில் ஐந்நூறு குறைத்துக்கொள்கிறேன் என்றார். உடனே ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 7

கூரை மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியாயிற்று.

மார்ச் 10

அக்கா போன் செய்தாள். காங்கிரீட்டில் தண்ணீர் வற்றாமல் பார்க்கச் சொன்னாள். வைப்பதற்கு முன், வயிற்றுப்பிள்ளைக்காரி பப்பாளி தின்னாமல் பார்த்துக்கொள் என்றாள். சரி என்றேன்.

மார்ச் 27

சென்டரிங் பிரித்தார்கள். ஒரு விரிசல் இல்லை. நான் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 29

செக்கப்புக்கு ஈரோடு. பஸ்ஸில் போனால் நான்கு பேருக்கும் சேர்த்து நூறு ரூபாய் ஆகாது. கார் ஆயிரத்து நானூறு கேட்டான். ஆயிரத்து முந்நூறுக்கு முடித்தேன். டாக்டர் அம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, தையல் நன்றாக இருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். இந்தத் தடவை நான் முன் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது மேகலா ஜன்னல் ஓரம் இருந்தாள். ரோட்டோரம் புது வீடு நெருங்கியதும் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னாள். கூரையோடு ரோட்டிலிருந்து பார்க்க அது வேறு வீடாகத்தான் இருக்கிறது.

‘ரெண்டு வருசமா பஸ்ல இந்த எடம் வந்தா கண்ண மூடிக்குவனுங்க மாமா’ என்றாள். ‘கண்டக்டரு, நான் தூங்கறேன்னு நெனச்சு, நம்ம சித்தோடு ஸ்டாப்பு வந்துருச்சுன்னு டெய்லி எழுப்பி உடுவாரு.’

வசந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி தாண்டிய பிறகும் மேகலா திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மெயின் ரோட்டு வளைவில் அது மறையும்வரை பார்த்தாள்.

ரேட் மட்டும் எழுதுவதாகச் சொல்லித்தான் இந்த டைரியை எடுத்தேன். இனி எழுத ரேட் எதுவும் பாக்கி இல்லை. ஒன்றை மட்டும் மூன்று மாதமாக என் பேனா எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தது. இப்போது எழுதுகிறேன். என் மருமகள் மேகலாவுக்கு இன்று ஆறாவது மாதம் பிறந்திருக்கிறது.